காகிதப் பைக்குள் இரண்டு கண்கள்

"வெட்கமே இல்லையாய்யா உங்களுக்கு? நூறு ஆட்டத்துக்கு மேல தோத்துட்டு, டிக்கெட் விலையை வேற ஏத்துறீங்களே... மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் வித்தாச்சா?"

கொரீன் கத்திய கத்தலில், அவள் தலையில் கவிழ்ந்திருந்த காகிதப் பை வாய்ப் பக்கம் புஸ்ஸென்று உப்பி அடங்கியது.

அவள் மட்டுமல்ல... மைதானத்தின் கிழக்கு வாசலில் நின்ற அத்தனை பேர் தலையிலும் பழுப்பு நிற மளிகைப் பை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகர்கள் இப்படித்தான் செய்வார்கள். 'இந்த அணியின் ரசிகன் என்று சொல்லிக்கொண்டு முகத்தை வெளியே காட்ட முடியவில்லை' என்று அர்த்தம். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் மில்லர்ஸ் பேஸ்பால் அணிக்கு ரசிகராகப் பிறந்து தொலைத்தவர்கள், எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும் என்று வீட்டில் இரண்டு பையைக் கிழிக்காமல் மடித்து வைத்திருப்பார்கள்.

புது சீசன் தொடங்க இன்னும் ஒரு வாரம். உள்ளே முதலாளி ஹாலோவே 'ரசிகர் சந்திப்பு' நடத்துகிறார். வருகிறவர்களுக்கு சாசேஜ் இலவசமாம்! அணியின் உயிரான பந்து வீச்சாளன் ஒகாசியோவை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, ஆளுக்கு ஒரு சாசேஜ்... கேட்கும்போதே கொரீனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"மனசாட்சி இருந்துதுங்க..." பக்கத்தில் ஒரு குரல். மெதுவான, சிரிப்பை அடக்கிக்கொண்ட ஆண் குரல். "ஒகாசியோவோட சேத்து அதையும் மேற்குக் கடற்கரை அணிக்குக் குடுத்துட்டு, பதிலுக்கு பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தனை வாங்கிட்டாரு. மூணு வருஷம் கழிச்சு நல்லா ஆடுவானாம்."

கோபத்துக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சே... கோபமாக இருக்கும்போது சிரிக்க வைப்பவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது. திரும்பினாள்.

பை. பைக்குள் இரண்டு கண்கள்.

வேறு எதுவும் தெரியவில்லை. மூக்கில்லை, வாயில்லை, வயது தெரியவில்லை. கண்கள் மட்டும்... காய்ச்சிய சர்க்கரைப் பாகின் நிறத்தில், ஓரத்தில் சிரிப்பு சுருங்கிக் கிடக்கும் கண்கள். அவள் பார்த்ததும் அவை படபடவென்று இமைத்தன. ஒரு கணம் தரையைப் பார்த்தன. மறுபடி அவளிடமே வந்தன.

'என்ன இது... வெட்கப்படுதா? பைக்குள்ள இருந்துக்கிட்டு வெட்கம் வேறயா?'

"என்ன பாக்குறீங்க?" என்றாள் வெடுக்கென்று.

"உங்க பையில வலது ஓட்டை கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு. பாவம், ஒரு கண்ணு மட்டும் எட்டிப் பாக்குது."

"கத்திரிக்கோல் கிடைக்கல. பல்லால கடிச்சுக் கிழிச்சேன்."

"நம்புறேன்" என்றார் அவர், உடனே.

அவள் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். நகராட்சி வேலை. குளிர்காலம் முழுவதும் ஊரார் வீட்டு வாசலில் மலையாகக் குவியும் பனியைத் தள்ளித் தள்ளி, தோளும் குரலும் உரமேறிப் போனவள். அவளிடம் வாயைக் கொடுத்தவர்கள் வழக்கமாக இரண்டு வாக்கியத்தில் இடத்தைக் காலி செய்வார்கள். இவர் நகரவில்லை. வாசலின் இரும்புக் கம்பியில் விரல்களால் ஏதோ தாளம் போட்டுக்கொண்டே நின்றார்.

"இந்த வருஷம் எத்தனை ஜெயிப்போம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"நூத்தி அறுபத்திரண்டு ஆட்டத்துல அறுபது ஜெயிச்சா அதிசயம்."

"நான் எழுபத்தஞ்சு சொல்றேன்."

"எழுபத்தஞ்சா!" பக்கத்தில் நின்ற நான்கைந்து பைகள், அவள் அப்பாவுடையது உட்பட, திரும்பிப் பார்த்தன. "ஏங்க, பைக்குள்ள காத்து வரலையா உங்களுக்கு? மூளைக்கு ரத்தம் போற மாதிரியே தெரியலையே! ஒகாசியோ போனப்புறம் பந்து போட யாரு இருக்கா? முழங்கையில கட்டுப் போட்ட கிழவர் ஒருத்தர். இங்க குறி பாத்தா பக்கத்துத் தெருவுல போடுற பையன் ஒருத்தன்."

"அந்தப் பையன் கையில விஷயம் இருக்குங்க. ஏப்ரல் மாசம் மட்டும் அவனைத் திட்டாம விடணும். கொஞ்சம் பொறுமை வேணும்."

"நான் பொறந்ததுலேர்ந்தே பொறுமையாத்தான் இருக்கேன்!"

அவள் போட்ட சத்தத்தில் வாசல் காவலாளி இரண்டடி பின்வாங்கினான். பைக்காரர் அந்தக் காவலாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பை மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார்!

'சிரிச்சா சிரிச்சுக்கட்டும்... நமக்கென்ன' என்று நினைத்தாள். நினைத்தபடியே பையின் வலது ஓட்டையைச் சரி செய்துகொண்டாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் மழை வந்தது.

ஏரிப் பக்கமிருந்து சாய்வாக, சில்லென்று, ஊசி ஊசியாக இறங்கியது மார்ச் மாத மழை. ஐந்தே நிமிடத்தில் பைகளெல்லாம் சொதசொதவென்று தொங்கின. ஒவ்வொருவராகக் கழற்றி எறிந்தார்கள். "முகத்தைப் பாத்தா பாத்துக்கட்டும் போங்கடா!" என்று யாரோ கத்த, எல்லோரும் கைதட்டினார்கள். கொரீனும் தன் பையைக் கசக்கித் தூக்கிப் போட்டாள். ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்ட, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அவர் மட்டும் கழற்றவில்லை. இரண்டு கையாலும் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கண்கள்... இப்போது அவற்றில் சிரிப்பில்லை. பயம் இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. போன வாரம் பதாகை பிடித்த சிலரின் சீசன் டிக்கெட்டை அலுவலகம் ரத்து செய்திருந்தது. கூட்டத்துக்குள் ஆள் விட்டு, யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

'ஓ... அதான் எழுபத்தஞ்சா? அதான் பொறுமையா?'

"பையைக் கழட்டுங்க" என்றாள்.

"முடியாதுங்க."

"எல்லாரும் கழட்டிட்டாங்கல்ல? உங்களுக்கு மட்டும் என்ன?"

"ப்ளீஸ்... சத்தம் போடாதீங்க. நான் போயிடுறேன்."

"எங்க போறீங்க? உள்ள போயி பேர் குடுக்கவா? ஹாலோவே அனுப்பின ஆளுதானே நீங்க?"

அந்தக் கண்களில் ஒரு அடி விழுந்தது போலிருந்தது. "நானா?" என்றார்.

அவள் கை நீண்டுவிட்டது. ஈரக் காகிதம், இழுத்த வேகத்தில் ஊறிய அப்பளம் போல் பிய்ந்து அவள் விரல்களோடு வந்துவிட்டது. அதே நேரம் பார்த்து, சும்மா இருந்த தொலைக்காட்சிக்காரன் கேமராவைத் திருப்பித் தொலைத்தான்.

மறுநொடி கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது.

"டேய்! நம்ம எல்லிஸ்டா! ஆர்கன் எல்லிஸ்!"

மைதானத்தின் மாடியறையில் உட்கார்ந்து ஆர்கன் இசைக்கருவி வாசிப்பவர் எல்லிஸ் டிராமெல். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏழாவது சுற்றின் நடுவில், வழக்கப்படி கூட்டம் முழுக்க எழுந்து நின்று பாடும்போது, பெரிய திரையில் அவர் முகம்தான் வரும். எத்தனை தோல்விகளின் நடுவில் அந்த வாசிப்புக்கு அவள் தொண்டை கிழியப் பாடியிருக்கிறாள்! முதலாளியிடம் சம்பளம் வாங்குகிற மனுஷன், முதலாளிக்கு எதிராகப் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். முகம் தெரிந்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தே வந்திருக்கிறார்.

விரல்களில் ஒட்டியிருந்த ஈரக் காகிதத்தை அவள் அவசர அவசரமாக உதறினாள்.

"இப்ப திருப்தியா?" என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை. இமையில் மழைத்துளி நிற்க, அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

* * *

மறுநாள் சாயங்காலம் வாண்டாவின் பாரில் எல்லோரும் கூடியிருந்தார்கள். எல்லிஸை வேலையை விட்டுத் தூக்கிவிட்டதாகச் செய்தி வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"இது அநியாயம்! பகல் கொள்ளை!" மேசையில் குத்தினார் கஸ். போராட்டத்துக்குத் தலைவர் என்று தன்னைத் தானே அறிவித்துக்கொண்டவர். "முதல் ஆட்டத்துக்கு ஒரு ஈ காக்கா உள்ள போகக் கூடாது. காலி நாற்காலிக்கு ஆடட்டும்."

"ஆடுறது ஹாலோவேயா? பசங்கதானேய்யா ஆடுறாங்க!" கொரீனின் அப்பா ஸ்டான் கோழி இறக்கையைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அந்தப் புதுப் பையன் முதல் தடவையா பந்து போட வர்றான். எதிர்ல ஒரு ஆள் இல்லேன்னா அவன் மனசு என்ன ஆகும்? நான் போவேன். உள்ள போயி உக்காந்து திட்டுவேன்."

"அப்போ ஹாலோவேக்குக் காசு குடுப்பேங்கிறே?"

"திட்டுறதுக்குக் குடுக்கிற காசு. சினிமாவுக்குக் குடுக்கல?"

வாக்குவாதம் கூரையைப் பிய்த்தது. கொரீன் வாயைத் திறக்கவில்லை. அதுவே அங்கே பெரிய அதிசயம்.

"நம்ம கொரீனைச் சொல்லணும்" என்று கஸ் அவள் முதுகில் தட்டினார். "என்ன ஒரு இழுப்பு! எல்லிஸ் நம்ம பக்கம்னு உலகத்துக்கே காட்டிட்டியே! ஆனா டிவியில பாத்தா வேடிக்கையா இருக்கு... கேமரா திரும்பினப்ப உன் கை அந்தாளு தலை மேல இருக்கா... நீ கழட்டுறியா, மாட்டுறியான்னே தெரியல!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு பியர் கசந்தது. ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு அதற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோமே என்று நெஞ்சு குமைந்தது.

சனிக்கிழமை அவர் ஜெபர்சன் தெரு சர்ச்சில் பயிற்சி செய்வார் என்று விசாரித்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுப் பழகினாள். 'தப்பு என் மேலதான்... தப்பு என் மேலதான்...'

உள்ளே நுழைந்தபோது வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய, வெறும் மண்டபத்தில், நீண்ட விரல்கள் ஓடி ஓடி எதையோ தேடிக்கொண்டிருந்தன. முகத்தை இன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தாள். கண்களுக்குக் குறை வைக்காத முகம். பழகி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

வாசிப்பு நின்றது. அவர் மெல்லத் திரும்பினார். "எதைங்க?"

"நீங்க யாருன்னு!"

"பையை மாட்டுறதே யாருன்னு சொல்லாம இருக்கிறதுக்குத்தானேங்க?"

எதிராளி சொல்வது நியாயமாக இருந்தால் அவளுக்குக் கோபம் வரும். வந்தது. "காதுல மட்டுமாவது சொல்லியிருக்கலாம்! நான் என்ன பேயா பிசாசா?"

"நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எங்க விட்டீங்க?" அவர் குரலும் உயர்ந்தது. "வேலை போனது கூடப் பரவாயில்லைங்க. ஹாலோவே அனுப்பின ஆளுன்னு சொன்னீங்க பாருங்க... ஒகாசியோவை வித்த அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல. என்னைப் போயி..."

அவர் நிறுத்திக்கொண்டார். விரல்கள் மடியில் கிடந்தன.

"வேலை திரும்பக் கிடைக்க வழியே இல்லையா?" என்றாள், இப்போது தணிந்து.

"இருக்கு. யாரோ வேணும்னே என் தலையில பையை மாட்டிவிட்டாங்க, கலாட்டா பண்ணினாங்கன்னு சொன்னாப் போதுமாம். அலுவலகத்துல அவங்களே எடுத்துக் குடுத்தாங்க."

"சொல்ல வேண்டியதுதானே? யாரோதானே!"

"அந்த யாரோ நீங்கதாங்க."

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது.

"டிவியில உங்க கைதான் தெரியுது" என்றார் அவர். "அப்படிச் சொன்னா உங்களை உள்ளேயே விட மாட்டாங்க. நான் முடியாதுன்னுட்டேன்."

"உங்க தயவு ஒண்ணும் எனக்கு வேணாம்!"

"தயவு இல்லீங்க... வாய் வரல."

ஏன் இந்த மனுஷன் இவ்வளவு நல்லவராக இருந்து தொலைக்கிறார்? நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறிப் போயிருக்கும்.

"அந்த வேலை அவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டாள்.

அவர் ஆர்கன் கட்டைகளைத் தடவிக்கொண்டே யோசித்தார். "இங்க சாவையே ஜெயிச்சவருக்கு வாசிக்கிறேன். அங்க தோத்துப் போனவங்களுக்கு வாசிக்கிறேன். எட்டு ரன் பின்னாடி இருந்தாலும், வாசிச்சா எந்திரிச்சு நின்னு பாடுறாங்க. அதைப் பாத்துட்டா வேற எதுவும் பெரிசாத் தெரியாதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதே கண்கள். பை இல்லாமல் அவற்றை நேருக்கு நேர் பார்ப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஒரு காபி சாப்பிடுறீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் ஏறக்குறைய ஓடியே வந்துவிட்டாள். மன்னிப்பு மட்டும் கேட்கவேயில்லை.

* * *

அவளுக்கு இருந்த வேலை இதுதான். திங்கட்கிழமை மைதான அலுவலகத்துக்குப் போனாள். கோட்டு போட்ட அம்மாள் ஒருத்தியின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை இமைக்காமல் சொன்னாள்: "நான்தான் பையை அவர் தலையில மாட்டினேன். அவர் பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்தாரு. கூட்டம் சிரிக்கட்டும்னு பிடிச்சு மாட்டிவிட்டேன்."

அந்த அம்மாள் நம்பினாளா என்பது அவளுக்கே வெளிச்சம். நம்ப வசதியாக இருந்தது, நம்பினாள். இந்த சீசன் முழுவதும் கொரீன் மைதானத்துக்குள் காலடி வைக்கக் கூடாது என்று ஆனது.

சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் ஆட்டத்துக்கு அவளும் அப்பாவும் சேர்ந்துதான் போவார்கள். அம்மா இறந்த வருஷம் கூட, கறுப்புச் சட்டையோடு போய் உட்கார்ந்து, இரண்டு பேரும் வீட்டில் அழாத அழுகையை அங்கே அழுது தீர்த்தார்கள். அந்த நாற்காலியைத்தான் அவள் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள்.

போதாக்குறைக்கு ஹாலோவே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். 'பாருங்கள், போராட்டம் என்ற பெயரில் ரவுடித்தனம். ஒரு அப்பாவிக் கலைஞனைப் பிடித்துத் துன்புறுத்தியிருக்கிறார்கள். அவளே ஒப்புக்கொண்டாள். எல்லிஸ் முதல் ஆட்டத்திலேயே வாசிப்பார்.'

வாண்டாவின் பாரில் அவளுக்கு யாரும் இடம் விடவில்லை. "எங்க எல்லார் மூஞ்சியிலும் கரியைப் பூசிட்டியே!" என்றார் கஸ்.

அப்பா வீட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்தார். கதவைச் சாத்தியதும் வெடித்தார். "பல்லால கடிச்சுக் கிழிச்ச பை உன் தலையில இருந்துது. அவனோடது அவன் தலையில இருந்துது. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எதுக்குடி பொய் சொன்னே? அதுவும் அந்த ஹாலோவேகிட்ட!"

"அவர் வேலை போனது என்னாலப்பா."

"அதுக்கு அந்தாளு கையில கத்தியைக் குடுப்பியா? நம்ம எல்லாரையும் ரவுடிங்கிறான்!"

"எனக்குத் தெரியும்ப்பா!" அவள் குரல் உடைந்தது. "ஆனா அவரு அங்க உக்காந்து வாசிக்கணும்ப்பா. அவ்வளவுதான். எனக்கு வேற ஒண்ணும் தெரியல."

ஸ்டான் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார். ஏதோ புரிந்துவிட்டவர் போலத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்படியா சங்கதி..." என்று மட்டும் முணுமுணுத்தார்.

* * *

முதல் ஆட்டத்தன்று ஏப்ரல் மாதம் என்றும் பாராமல் பனியும் மழையும் கலந்து கொட்டியது. கொரீனுக்கு வேலை நாள். மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களைத் துடைத்துவிட்டு, மூன்றாவது வாசலுக்கு எதிரில் லாரியை ஓரம் கட்டி, ரேடியோவைத் திருகினாள். தெருவில் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

கஸ்ஸின் ஆட்கள்கூட கடைசியில் உள்ளேதான் போயிருந்தார்கள். புதுப் பையன் குறி தப்பிப் போட்டு இரண்டு பேரை முதல் தளத்துக்கு இனாமாக நடக்க விட்டான், ஒருவன் தோளில் பந்தால் அடித்தான். ரேடியோவைப் பார்த்து அவளால் முடிந்த அளவு திட்டினாள். சுவரைத் தாண்டி ஆர்கன் கேட்டது. துள்ளலாக, குறும்பாக. கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது... கூடவே வலித்தது. 'போதும்... நீ வாசிக்கிறே இல்ல, அது போதும் எனக்கு.'

ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு ஆர்கன் சத்தம் குறைந்தது. ஆறாவதில் சுத்தமாக நின்றுபோனது.

ஏழாவது சுற்றின் நடுவில் கூட்டம் எழுந்து நிற்கும் அரவம் கேட்டது. வர்ணனையாளர் குழம்பினார். "திரையில் எல்லிஸ் தெரிகிறார்... ஆனால் வாசிக்கவில்லை. அறிவிப்பாளரின் மைக்கை வாங்குகிறார்..."

பிறகு அந்த மெதுவான குரல், ரேடியோவிலும் சுவருக்கு அப்பாலுமாக இரண்டு பக்கமிருந்தும் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். பையை நானேதான் மாட்டிக்கிட்டேன். வீட்டுலேர்ந்து நானே எடுத்துட்டுப் போனேன். யாரும் என்னைப் பிடிச்சு மாட்டல. ஒகாசியோவை வித்தது எனக்குப் பிடிக்கல, அதான் போனேன். அந்தப் பொண்ணு என் வேலைக்காகப் பொய் சொல்லியிருக்கு. அலுவலகத்துல மன்னிச்சுட்டோம்னு மட்டும்தான் சொன்னாங்க, நான் பேப்பரும் பாக்கல; அது எனக்கு இப்பத்தான் தெரியும். பொய்யில கிடைச்ச வேலையில கை ஓடாதுங்க. இன்னிக்கு நீங்களே பாடிக்கங்க."

மைக் பட்டென்று நின்றது. யாரோ பிடுங்கியிருப்பார்கள்.

ஒரு மூலையில் யாரோ தொடங்க, பத்து, நூறு, ஆயிரமென்று குரல்கள் சேர்ந்தன. ஆர்கன் இல்லாமல், சுருதி கண்டபடி அலைய, பஃபலோ பாடியது. சுவரே அதிர்ந்தது.

கொரீன் ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினாள். "பைத்தியக்காரா! அடப் பைத்தியக்காரா! எல்லாத்தையும் கெடுத்துட்டியே!" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பாட்டு முடிந்து, எட்டாவது சுற்றும் பாதி போன பிறகு, லாரியின் கதவை யாரோ தட்டினார்கள்.

கீழே எல்லிஸ். கோட்டு இல்லை, குடை இல்லை. தலையிலும் தோளிலும் பனிக்கூழ். "உள்ள வரலாமாங்க? காவலாளி ரெண்டு பேரு கையைப் பிடிச்சு வெளிய விட்டாங்க. கோட்டு மாடியிலேயே இருக்கு."

"ஏறித் தொலைங்க!"

ஏறினார். அவள் சூட்டு விசிறியை முழுதாகத் திருகினாள். பற்கள் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தவரை முறைத்தாள்.

"உங்களுக்கு அறிவிருக்கா? நான் எதை விட்டுட்டு அந்தப் பொய்யைச் சொன்னேன்னு தெரியுமா?"

"தெரியும். உங்கப்பா ஆறாவது சுற்றுல மாடியறைக் கதவை உடைக்காத குறையா உள்ள வந்தாரு. 'என் பக்கத்து நாற்காலி காலியா இருக்கு, அது உன்னாலதான்'னாரு. கெட்ட வார்த்தை நிறையச் சொன்னாரு... கடைசியில, லாரி மூணாவது வாசல் எதிர்ல நிக்கும்னு அதையும் சொன்னாரு."

'அப்பா...!' அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் முட்டியது.

"இனி அவங்க உங்களைச் சேர்க்கவே மாட்டாங்க" என்றாள்.

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?"

அவர் சிவந்துபோன விரல்களை விசிறியின் முன் நீட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு வாசல்ல நான் உங்க பக்கத்துல வந்து நின்னது தற்செயல் இல்லீங்க. பை மாட்டியிருந்தாலும் குரல் தெரியுமே! அந்த மாடியறை வரைக்கும் கேக்குற குரல் ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். அம்பயரை நீங்க திட்டும்போதெல்லாம் நான் உங்க குரலுக்கு அடியில ஆர்கன்ல தாளம் போடுவேன்..."

"அது... அது நீங்க வேணும்னே போட்டதா?"

"ஆமா. முகம் தெரியாது. எந்த நாற்காலின்னு தெரியாது. குரல் மட்டும்தான். எத்தனை தோத்தாலும் மறுநாள் வந்து அதே கோபத்தோட கத்துற ஒரு பொண்ணு... அந்தப் பொண்ணு எப்படி இருக்கும்னு நினைச்சு நினைச்சு வாசிச்சிருக்கேன். இன்னிக்கு உங்க குரல் கேக்கல. என்னால வாசிக்க முடியல. அவ்வளவுதாங்க." இப்போது திரும்பினார். அந்தக் கண்களில் ஒளிவுமறைவே இல்லை. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, கொரீன். ரொம்ப நாளாவே."

கண்ணாடியில் பனிக்கூழ் வழிந்தது. துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. சுவருக்கு அப்பால் கூட்டம் எதற்கோ ஓவென்று கத்தியது. நல்லதற்கா கெட்டதற்கா தெரியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவளுக்கு அதைப் பற்றிக் கவலையுமில்லை.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஊரையே கலக்குகிற குரல், எங்கே போய் ஒளிந்துகொண்டதோ! ஏதோ முனகினாள்.

"கேக்கலீங்க" என்றார் அவர், நிஜமாகவே காதை நீட்டி.

அவ்வளவுதான்... வந்ததே கோபம்! அவர் மீது, ஹாலோவே மீது, இத்தனை நாள் மாடியறையில் பேசாமல் ஒளிந்து கிடந்த இந்த அழுத்தக்காரனை இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கே கட்டிக்கொண்டு விடுவோமோ என்று தவிக்கிற தன் மீது!

"உங்களைப் பிடிச்சுத் தொலைச்சிருக்கு எனக்கு! போதுமா? வேலை இல்ல, கோட்டு இல்ல, கூறு இல்ல... எல்லாத்தோடயும் சேத்துப் பிடிச்சிருக்கு!"

தெருவின் எதிர்ப்பக்கம் ஹாட் டாக் விற்றுக்கொண்டிருந்தவர் இடுக்கியோடு திரும்பிப் பார்த்தார்.

எல்லிஸ் கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப நல்லாக் கேட்டுது" என்றார்.